வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு

மழைக்கு முன்னால் பரணை ஒழித்துவிடலாம் என்று நேற்று ஏணி போட்டு ஏறினேன். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் என் முதுகுப்பை கிடந்தது. ஜிப்பைத் திறந்ததும் உப்பும் ஈரத்துணியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "துவைச்சு வெக்கமாட்டியாடி" என்று திட்டியிருப்பாய். கடைசியாக அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நான் போன பயணம் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

காலாப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டுப்புடவை, தலையில் பூ, கையில் தாம்பூலப் பை. தந்திராயன்குப்பம் பக்கம் கையில் அலைச்சறுக்குப் பலகைகளோடு நாலைந்து பேர் சாலையைக் கடந்தார்கள். ஜன்னல் வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டு வந்த நீ, "இது நம்மளால முடியுமா, முடியாதா?" என்று கேட்டாய். முடியாது என்றேன். "பண்ணிப் பாத்துட்டுச் சொல்றியா, பாக்காமலே சொல்றியா?" என்றாய். அப்போது நமக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நான் தபால் நிலையத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். நீ உன் வீட்டுக்காரர் போன பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையை ஒற்றை ஆளாக நடத்தி, அப்போதுதான் மகனிடம் கொடுத்திருந்தாய். நம் இருவருக்கும் நீச்சல் தெரியாது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் முழங்காலுக்கு மேல் அதில் நனைந்ததில்லை.

மறுவாரமே என்னைப் பலகையில் ஏற்றிவிட்டாய். நீளக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, தலையை இறுக்கிக் கட்டிய துணி என்று நீ தயாராக வந்திருந்தாய். சொல்லிக்கொடுத்தவர் அதே குப்பத்துக்காரர். "அக்கா, தண்ணியப் பாக்காதீங்க, கரையப் பாருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது அலையிலோ நான்காவதிலோ நீ எழுந்து நின்றுவிட்டாய். ஒரு நொடிதான் இருக்கும். விழுந்து எழுந்து, மூக்கில் தண்ணீர் ஒழுக, "நின்னேன்ல? பாத்தியா?" என்று கேட்டாய். நான் பார்க்கவில்லை. வயிறு நிறைய உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றும் சொன்னேன். அதை நீ காதில் வாங்கவே இல்லை.

தெற்கே கடற்கரையோரமாகவே போவது என்பது உன் யோசனை. கொஞ்சம் பஸ், கொஞ்சம் நடை, கிடைக்கிற இடத்தில் தங்கல். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே மாதிரி இரண்டு முதுகுப்பைகள் வாங்கினோம். வீட்டில் என்ன சொல்வது என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதையும் நீதான் யோசித்து வைத்திருந்தாய். "உங்க வீட்ல வேளாங்கண்ணின்னு சொல்லு. எங்க வீட்ல நாகூர்னு சொல்றேன். ரெண்டும் ஒரே வழி. நடுவுல என்ன பண்ணோம்னு யாரு கேக்கப்போறா?" யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மெழுகுவத்தி ஏற்றக் காசு கொடுத்தனுப்பினார்.

பிச்சாவரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் படகு எடுத்தோம். முன்னால் நான், பின்னால் நீ. வழிகாட்டி அவருடைய படகில் முன்னே போய்க்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே வழி பிரிந்தது. நாம் தவறான பக்கம் திரும்பிவிட்டோம். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். கயாக் சேற்றில் தட்டி நின்றது. கூப்பிட்டும் வழிகாட்டிக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நீ பின்னால் இல்லை, சேற்றில் இறங்கி முழங்கால் புதைய நிற்கிறாய். "நீ எறங்காத, உக்காந்து துடுப்பப் போடு" என்று சொல்லிவிட்டுத் தள்ள ஆரம்பித்தாய். நம் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், அந்தப் பிரெஞ்சு மதாம், நம்மை ஓடச் சொல்லிக் கத்துவது போல, "அலே, அலே" என்று கத்தினாய். அழுதுகொண்டே சிரித்தேன். வழிகாட்டி தேடி வந்தபோது உன் ஒரு செருப்பு சேற்றோடு போயிருந்தது.

தரங்கம்பாடியில் உனக்குப் புதுச்செருப்பு வாங்கினோம். காரைக்கால் வரைக்கும் முடிந்த இடங்களில் மணலிலேயே நடந்தோம். நாகூரில் தர்காவுக்குப் போய்விட்டு வெளியே வரும்போது உன் மகன் போனில் கூப்பிட்டான். நீ கயாக் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்ததை நீயே மறந்துவிட்டாய். "அம்மா, நாகூர்ல இந்த மாதிரி படகெல்லாம் வுடுறாங்களா?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. நீ கொஞ்சமும் தடுமாறாமல், "இல்லப்பா, அது வர்ற வழியில. நல்லா இருந்துச்சு. நீயும் ஒரு தடவ போயிட்டு வா" என்றாய். அவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு நாம் யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. வேளாங்கண்ணிக்கும் போய் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுத்தான் திரும்பினோம்.

அடுத்தது ஸ்கூபா. அதற்காகவே இருவரும் நீச்சல் குளத்தில் சேர்ந்தோம். நான் மெதுவாகக் கற்றுக்கொண்டேன், நீ சீக்கிரம் கற்றுக்கொண்டாய். கடலுக்கு அடியில் போவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டி வரச் சொன்னார்கள். எனக்குத்தான் ஏதாவது இருக்கும், அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று உள்ளூர நம்பியிருந்தேன். டாக்டர் உன் காதைத்தான் வெகுநேரம் பார்த்தார். சின்ன வயதில் சீழ் வந்து ஆறிய காது. செவிப்பறை மெலிந்திருக்கிறது என்றார். "தண்ணிக்கு மேல பாத்துப் பண்ணுங்க. அடியில மட்டும் போவாதீங்கம்மா."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். காலி ஆட்டோ வந்தும் நீ கையைக் காட்டவில்லை. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. "வுடு, நானும் போகல" என்றேன். அப்போதுதான் கோபம் வந்தது உனக்கு. "நீ எதுக்குப் போகாம இருக்கணும்? ஒனக்குக் காது நல்லாத்தான இருக்கு? நான் படகுல ஒக்காந்துக்கிறேன். நீ போயிட்டு வந்து சொல்லு."

போனேன். பயத்தில் பயிற்சியாளரின் கையை விடவே இல்லை. மேலே வந்ததும் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாய். "என்னடி இருந்துச்சு?"

"நெறைய மீனு."

"மீனுன்னா? என்ன கலரு? கூட்டமாப் போச்சா, தனியாவா? ஒன்னப் பாத்து ஓடுச்சா?"

எதையும் நான் கவனித்திருக்கவில்லை. நான் என் மூச்சுக்குழாயை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் முகம் வாடியது. அன்றைக்கு இரண்டாவது முறையும் இறங்க வாய்ப்பு இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினேன். இந்த முறை பார்த்தேன். பாறையிடுக்கில் வாயைத் திறந்து திறந்து மூடிய விலாங்கு. உடம்பெல்லாம் கோடு போட்ட, விசிறி போல முள் விரித்த ஒரு மீன். மேலே, வெகு மேலே, நம் படகின் அடிப்பாகம். அதில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்பது எனக்குத் தைரியமாக இருந்தது. ஏறி வந்து சொல்லச் சொல்ல நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். துறைமுகம் வரும்வரை கேள்விகள் ஓயவில்லை.

ராமநாதபுரம் பக்கம் கடல் ஏரி போலக் கிடக்கும், மேலே மிதந்தபடியே முகத்தில் மாட்டிய கண்ணாடி வழியாக எல்லாம் பார்க்கலாம் என்று எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னாய். அங்கே நீயும் பார்க்கலாம், ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. டாக்டரும் சரியென்றார். டிக்கெட் எடுத்தோம். கிளம்ப வேண்டிய வாரத்தில், ஒரு விடியற்காலை, உன் மருமகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றாள். பெண்கள் இருந்த அறையில் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. உன் மகன் திரும்பி வந்து, "ஆன்ட்டி, நீங்க மட்டுமாவது போயிட்டு வாங்க" என்று சொன்னபோது அவன் நம் ராமநாதபுரம் பயணத்தைத்தான் சொல்கிறான் என்று முதலில் புரியவில்லை.

போவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன தை மாதம் போனேன். தனியாகப் பஸ்ஸில் போவது எனக்குப் புதிது. முதல் நாள் இரவு தங்கிய அறையில் விளக்கை அணைக்காமலே படுத்திருந்தேன். காலையில் வழிகாட்டியாக வந்தது ஒரு மீனவப் பெண். கடல் நீ சொன்னது போலத்தான் இருந்தது, அலையே இல்லை. இடுப்பளவு தண்ணீரில், மூச்சுவிட வாயில் குழாயோடு குப்புற மிதந்தால் கீழே கடற்புல் வெளி.

அங்கே ஒரு கடல்குதிரையைப் பார்த்தேன். என் ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. காய்ந்த வாழைச்சருகின் நிறம். வாலைப் புல்லில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. தண்ணீர் அசைகிற பக்கமெல்லாம் புல் சாயும், அதுவும் கூடவே சாயும், பிடியை மட்டும் விடாது. முதுகில் சின்னதாக ஒரு துடுப்பு, விடாமல் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு கண் என் பக்கம் திரும்பியது, இன்னொரு கண் வேறெங்கோ பார்த்தது. ஓடவில்லை. வயிறு கொஞ்சம் உப்பியிருந்ததால் அது ஆண் என்று அந்தப் பெண் பிற்பாடு சொன்னாள், குட்டிகளை அதுதான் சுமக்குமாம்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. கை கால் விறைத்துப்போயிருக்கிறது, அதுவும் தெரியவில்லை. நான் அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பயந்துபோய் அந்தப் பெண் நீந்தி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, போதும், மேல வாங்க" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் கெஞ்சினேன்.