அளவுகோலாய் நின்ற தோள்

நானா,

இன்று காலை அலுமாரிக் கதவு திறக்க மறுத்தது. மூன்று நாளாக மழை விடவில்லை. மஹய்யாவையிலிருந்து தச்சரைக் கூப்பிட்டேன். அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க ஐயா, மழைக்கு மரம் ஊதியிருக்கு. அவ்வளவுதான்" என்றார். நான் பாய்ந்துவிட்டேன். "ஊதியிருக்கு எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்? அளந்து பாத்தனீரோ?" பாவம், அந்த மனிதர் கையில் சீவுளியோடு திகைத்துப்போய் நின்றார். என் மனைவி தேத்தண்ணி கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினாள். நான் உள்ளே வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். மழைக்கு மரம் ஊதும் என்று யார் சொன்னாலும் எனக்கு ஆகாது. அதை முதலில் சொன்னவன் நான்தானே.

உங்களுக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்லப் போகிறேன். அப்படிச் சொன்னால்தான் என்னால் முடிவு வரை போக முடியும்.

மலேரியா வந்து ஊரைத் துடைத்ததற்கு இரண்டு வருஷம் முந்தி. நீங்கள் ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு, மருந்து கொடுத்து வைத்தியமும் பார்க்கும் அப்போதிக்கரி; யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் புசல்லாவைப் பக்கத்தில் இன்னொன்றுக்கு. உங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் உங்களை நானா என்றே அழைத்தேன். கண்டி நகரத்தில் வைத்தியம் பார்த்த சிங்கள டொக்டர் நம் இருவருக்கும் சிநேகிதர். கூடை சுமந்து தோள் கெட்ட ஒரு பெண், தோட்டம் மாறி மாறி நம் மூவரிடமும் வந்தாள். கை பாதிதான் எழும்புகிறது என்று நான் எழுதினேன், முக்கால்வாசி என்று நீங்கள் எழுதினீர்கள், குறை ஒன்றுமில்லை என்று டொக்டர் எழுதினார். தோட்டத்துத் துரை தனக்கு வசதியான துண்டை எடுத்துக்கொண்டு அவளைக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார். "மூணு பேரும் படிச்ச ஆக்கள். ஒரு கைய ஒரே மாதிரிப் பார்க்கத் தெரியாது" என்று நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது.

அப்படித்தான், கை எவ்வளவு எழும்புகிறதென்று அளக்க, அளவுப் பலகை வந்தது. பலா மரத்தில் அரைவட்டம், விளிம்பில் நூற்றெண்பது பாகை, நடுவில் திருகாணி போட்ட பித்தளை முள். ஒரே மாதிரி மூன்று செய்வித்தோம். எங்கே நிற்க வேண்டும், எந்த எலும்பில் முள்ளை வைக்க வேண்டும், நோயாளி முதுகை வளைக்காமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் சண்டை பிடித்தே முடிவு செய்தோம். மூன்று பலகையும் ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்று பார்க்க, மாறாத ஒரு நல்ல தோள் வேண்டும் என்றேன். நீங்கள் கோட்டைக் கழற்றினீர்கள். "என்ட தோள எடுங்கோ. உம்மா ஊட்டி வளத்த தோள், குறை வராது."

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியில் உங்கள் தம்பியின் புடவைக்கடை மாடியில் கூடினோம். வேலை தொடங்குமுன் உங்கள் வலது கையை உயர்த்துவீர்கள். மூவரின் பலகையும் நூற்றெழுபது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காட்டும்வரை திருகாணியைத் திருப்புவோம். எவ்வளவு திருப்பினோம் என்பதை நான் கொப்பியில் எழுதுவேன். கடைத்தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்ப்பதில்லையா, அது போலத்தான். படிக்கல்லே தேயுமென்று எந்தக் கடைக்காரன் நினைக்கிறான்?

வைகாசி முடிந்து மழை பிடித்தது. ஒரு ஞாயிறு மூன்று பலகையும் இரண்டு பாகை குறைவாகக் காட்டின. "மழைக்குப் பலகை ஊதிப்போச்சு நானா" என்றேன். "பின்ன, கண்டி மழைக்கு ஊதாம ஈக்குமா" என்றீர்கள். திருகாணியைத் திருப்பினோம். அடுத்த கிழமையும் இரண்டு, அதற்கடுத்து மூன்று. மூன்று பலகை ஒரே பக்கமாக, ஒரே அளவாக எப்படி ஊதும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூவரும் ஒத்துப்போகிறோம் என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. டொக்டர் மட்டும் ஒரு நாள், "இன்னொருவர் தோளிலும் வைத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்டார். "ஒரு உறைக்குள்ள ரெண்டு வாள் வேண்டாம் டொக்டர்" என்று பழமொழி சொல்லி அவர் வாயை அடைத்தேன். அந்தப் பழமொழியை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனி நடுவில் நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் எடுக்கத் தொடங்கியிருந்தீர்கள். கோட்டைக் கழற்ற உங்கள் தம்பி உதவினார். எல்லாம் என் கண்ணில் பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எனக்கு நோயாளி அல்லவே, அளவுகோல் ஆயிற்றே!

ஆவணியில் காமாட்சி என்ற கொழுந்தெடுக்கும் பெண் இடது தோள் வலியென்று என்னிடம் வந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, நல்லாயிருந்த வலது கையை உயர்த்தச் சொன்னேன். முள் நூற்றெண்பதைத் தாண்டிப் பலகைக்கு வெளியே போய் நின்றது. திரும்ப வைத்தேன், திரும்பவும் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க ஐயா, எங்கையி ஆகாசத்துக்கா போவுது?"

நானும் சிரித்தேன். பிறகு கையைத் தொங்கவிடச் சொல்லி முள்ளை வைத்தேன். தொங்கும் கைக்கு முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும். அது பதினாறில் நின்றது. இத்தனை மாதமும் தொங்கும் கையை நாங்கள் யாரும் அளக்கவில்லை, எல்லாருக்கும் கை தொங்கத்தானே செய்கிறது என்று. ஈரத்தில் ஊதிய பலகையானால் கோணிக்கொண்டிருக்கும். மட்டம் வைத்துப் பார்த்தேன். பலகை நேராக இருந்தது. அப்படியானால் அந்தப் பதினாறு பாகையும் நாங்களே திருகாணியில் திருப்பி வைத்தது.

கொப்பியைத் திறந்தேன். இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு என்று ஏழு ஞாயிறு; கூட்டினால் பதினாறு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பலகை ஊதல்' என்று என் கையெழுத்து. கிழமை தவறாமல் உங்கள் நோயை நான் எழுதி வைத்திருந்தேன். நோயாளியின் பெயர்தான் இல்லை.

அன்றே பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். "நோவு கொஞ்சம் ஈக்கிது, வாயுவா ஈக்கும்" என்றீர்கள். கொழும்பில் எக்ஸ்றே எடுத்தார்கள். தோளெலும்பின் தலையில் கட்டி. பெரிய டொக்டர் என்னைத் தனியே அழைத்து, மழை தொடங்கிய நாளில் கொண்டுவந்திருந்தால் கையை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம், இப்போது நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார். அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

கெட்ட தோளையும் நல்லதென்று காட்டிய எங்கள் பிழையான அளவுகளை நம்பி மலைக்குப் போன பெண்களையெல்லாம் திரும்ப அழைத்து அளந்தோம், துரைமாருக்குக் கடிதம் எழுதினோம். அதைத் திருத்த முடிந்தது.

கடைசியாக உங்களைப் பார்த்தது மாடியறைக் கட்டிலில். கை தலையணைமேல் கிடந்தது. தம்பியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டீர்கள்: "உண்மையச் சொல்லுங்கோ யாழ்ப்பாணத்தார். இவ்வளவு நாள் இந்தக் கைய அளந்தீங்களே. ஒண்டும் தெரியல்லியா?"

"இல்லை நானா. ஒருத்தராலையும் கண்டிருக்க ஏலாது."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு கண்ணை மூடினீர்கள். "அப்ப சரி. அல்லாஹ்ட நாட்டம். மனசு லேசாகீட்டு." நான் தலையாட்டினேன். என் குற்றத்தைத் தூக்கி உங்கள் இறைவன்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தேன். நீங்கள் அதை அவன் தந்ததென்று பொறுத்துக்கொண்டு நாலு நாளில் போய்விட்டீர்கள்.

உங்களுக்கு ஆறுதலாகத்தான் பொய் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நீங்கள் என்னை வெறுத்துக்கொண்டு சாகக் கூடாது என்றுதான் சொன்னேன். நான் சுமப்பது அதைத்தான், நானா. நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில் இது: தெரிந்தது. ஏழு ஞாயிறு என் கண்ணுக்கு முன்னால் உங்கள் கை தாழ்ந்தது. நான் பார்த்தேன், எழுதினேன், திருகாணியைத் திருப்பினேன்.