கன்வெர்ட்டரும் அரிசிப் பையும்

ஞாயிறு இரவு, ஈப்போ.

எங்கள் குழுவின் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு படம் தரவேண்டும். அதற்காக இன்று புகைப்படக் குழுவோடு சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இருவாச்சிப் பறவை அங்குள்ள குளத்தின் மறுகரை மரத்துக்குத்தான் வரும். என் லென்ஸ் அவ்வளவு தூரம் எட்டாது. பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லை என்று போன வாரம் சொன்னபோது வழி சொன்னவர் குழுத் தலைவர் கணேசன்.

“பழைய டூ எக்ஸ் கன்வெர்ட்டர் போதும் லா சார். கை ஆடாம இருக்க அரிசிப் பை ஒண்ணு வச்சிக்குங்க.”

அப்படியே, லென்ஸின் எட்டத்தை இரட்டிப்பாக்கும் அந்தக் கன்வெர்ட்டரை மாட்டினேன். பையை வேலிக்கட்டைமேல் வைத்து, லென்ஸை அதில் அமர்த்தி, மூச்சைப் பிடித்து எடுத்தேன். கன்வெர்ட்டர் வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. ஃபோகஸையும் கையால்தான் திருகவேண்டும். இருவாச்சிப் படங்கள் எல்லாம் மங்கல். பறவை போனபின், பழகிப் பார்க்கலாமென்று தூரத்தில் காரருகே நின்ற நண்பர்கள் பக்கம் திருப்பினேன்.

கணேசன் அரிசிப் பைக்குப் பதில் ஒரு ஹெல்மெட்டைப் பிள்ளைபோல் வயிற்றோடு அணைத்து, முதுகைக் கூனி, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்து, என்னைப்போல் நடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துக் காரில் சாய்ந்தார்கள். என் விரல் அழுத்திவிட்டது.

“கிடைச்சிச்சா சார்?” என்றார் கணேசன், நான் காரருகே திரும்பி வந்ததும்.

“ஒண்ணு கிடைச்சிச்சு.”

“அப்ப வாட்ஸாப் குரூப்புல போடுங்க லா. தலைப்பும் நீங்களே வைங்க, வாத்தியாராச்சே!”

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கூர்மையாக விழுந்தது அது ஒன்றுதான். அவர் மீசை முடிகூடத் தெரிகிறது. அனுப்பத் துணிவில்லை. தலைப்பை மட்டும் எழுதிவைத்தேன்: ‘வழி சொன்னவர்’.