வாரண்டி முடிவதற்குள்

திருவேட்டக்குடி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் வினோதினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். நீ இங்கே விட்டுப்போன கார் வண்டியும் சொல்லிக்கொள்ளும்படி நலம். டப்ளின் குளிருக்குத் தக்கபடி உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக் கூடியதை ஏன் எழுதுகிறாள் என்று யோசிக்காதே. போன் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். இது அவர் காதில் இப்போதைக்கு விழ வேண்டாம்.

சர்வீஸ் செலவைக் குறைக்க வேண்டும், ஆனால் வாரண்டிக்கு ஒரு பழுதும் வரக் கூடாது என்று பேசும்போதெல்லாம் சொன்னாய். தை பிறந்ததும் திரும்பி வந்து தானே ஓட்டப்போகிற பெண் வாரண்டிக்காக இவ்வளவு கவலைப்படுவாளா, விற்கப்போகிற பெண் கவலைப்படுவாளா என்று எனக்கு ஒரு சந்தேகம். வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாயே, அப்போதே வந்த சந்தேகம். எங்களை ஒரு பக்கம்கூட எடுத்து அனுப்பச் சொன்னதில்லை. அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் தை மாதத்தை நம்பித் தினமும் காலையில் உறையைக் கழற்றி, வண்டியைத் துடைத்து, மறுபடி உறை போட்டு மூடுகிறார்.

சர்வீஸ் கதைக்கு வருகிறேன். தலத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் நூர் அகமது, ஆயிலைத் தானே மாற்றித் தருவதாகவும் கம்பெனி கேட்பதில் பாதிகூட ஆகாது என்றும் சொன்னார். வாரண்டி போய்விடுமே என்றேன். “ஆயில் ஊத்துனது யாருன்னு இன்ஜினுக்குத் தெரியவா போவுதுக்கா” என்றார். இன்ஜினுக்குத் தெரியாது, கம்பெனி கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். திருச்சி கம்பெனி சர்வீஸில் கேட்டதற்கு ஒரு மதிப்பீடு அனுப்பினார்கள். இன்ஜினைக் கழுவ ஒரு திரவம், ஏசிக்குக் கிருமிநாசினி, சக்கரம் நேராக்குதல் என்று போய்க்கொண்டே இருந்தது. வண்டி கடைசியாக ஓடியது இதோ பக்கத்தில் இருக்கிற வரிச்சிக்குடி கல்யாணத்துக்கு. அங்கே போய் வருவதற்குள் சக்கரம் கோணிவிட்டதாம். நூலகத்தில் வேலை பார்த்தவளுக்குப் புத்தகம் என்றால் அட்டையிலிருந்து அட்டைவரை படிக்கும் பழக்கம் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டைப் படித்தேன். இந்த சர்வீஸுக்கு ஆயில், அதன் ஃபில்டர், பிரேக் திரவம், ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அடித்து, கழற்றும் பழைய பாகங்களை என் கையில் தர வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

நானும் அப்பாவும் திருச்சிக்குக் கொண்டுபோன வண்டியை சர்வீஸுக்கு வாங்கிக்கொண்டவர் மணிவேல் என்ற சர்வீஸ் அட்வைசர். மரியாதையான பிள்ளை, அதனால் இன்னும் கவனமாக இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து, வெளியே யாராவது வண்டிக்கு அடியில் வேலை பார்த்தார்களா என்று கேட்டார். யாரும் கைவைக்கவில்லை என்றேன். அடியில் உள்ள ரப்பரெல்லாம் எண்ணெயில் ஊறி உப்பிவிட்டதாம், மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டி முனகுவதும் அதனால்தானாம், வாரண்டியில் வராதாம். இதோ ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமல் ஒரு பைசா தர மாட்டேன் என்றேன். வண்டியைத் தூக்கி நிறுத்தி என்னை அடியில் கூட்டிப்போய்க் காட்டினார். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கிட்டே போனதும் வாடை வந்தது. மீன் எண்ணெய்.

உனக்கே தெரியும், மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றினால் பலகைக்கு மீன் எண்ணெய் பூசாமல் அப்பாவுக்குத் தூக்கம் வராது. இந்த வருஷம் படகுக்குப் பூசிவிட்டு அப்படியே வண்டிக்கும் அடியில் படுத்துப் பூசியிருக்கிறார். தெருப்பூனைகள் எல்லாம் ஒரு மாதமாக வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தன. அப்பா ரகசியமாக அவற்றுக்கு மீன் போடுகிறார் என்றுதான் நான் சந்தேகப்பட்டேன். திரும்பிப் பார்த்தேன். அப்பா சுவரில் இருந்த டயர் விளம்பரத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “கரையில நிக்கிறத அப்படியே விட்டா உப்பு தின்னுப்புடாதா? புள்ள வந்து எடுக்கறப்ப துருவாவா குடுக்கறது?” என்றார். மணிவேல் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை மன்னித்தேன். யாரும் கைவைக்கவில்லை என்று நான் சொன்னது தவறு, பூசியது இவர்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ரப்பர் மாற்றும் செலவு நம்முடையது, மற்ற எல்லாவற்றுக்கும் வாரண்டி அப்படியே இருக்கும் என்று எழுத்தில் கொடுத்தார். ஆக, நீ கேட்டபடி வாரண்டி பிழைத்தது. நான் அடித்து மிச்சம் பிடித்ததை அப்பா ரப்பரில் செலவழித்துவிட்டார்.

அப்பா டீ குடிக்க வெளியே போன நேரத்தில்தான் மணிவேல் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து அதைச் சொன்னார். “கவலப்படாதீங்க மேடம், போன வாரம் உங்க பொண்ணு போன் பண்ணி, வண்டிய வித்தா வாங்கறவங்க பேருக்கு வாரண்டி மாறுமான்னு கேட்டாங்க. மாறும்னு சொல்லிட்டேன்.” எனக்கும் சந்தோஷம் என்று சொல்லி வைத்தேன். இத்தனை பேரைச் சந்தேகப்பட்டதில் ஒன்றாவது சரியாக இருந்ததே.

நீ அங்கேயே இருந்துகொள்வதில் எனக்குக் கோபம் இல்லை. நல்ல வேலை, நல்ல சம்பளம், அந்த ஊர் பிடித்தும் போயிருக்கலாம். விற்பதென்றால் வாரண்டி முடிவதற்குள் விற்பதுதான் புத்தி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்பி வரும் வழியில், தஞ்சாவூர் தாண்டியதும் உன் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தைக்குள்ளே வேறு எதுவும் கெடாதில்லையா என்று. கெடாது என்றேன். நான் சொன்ன பொய்யில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தபடி நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா கடலுக்குப் போக மாட்டார், காலையில் அவர் போனுக்கே கூப்பிட்டு நீயே சொல். ஸ்பீக்கரில் போடச் சொல்லாதே. நான் வாசலில் இருப்பேன்.

உன் அம்மா,
தையல்நாயகி