நாளைக்கு டூட்டி

கல்பாக்கம்
10.8.2003, ஞாயிறு மதியம்

அன்பான வசுமதி அம்மாவுக்கு, ரெபேக்காள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே பாலா, சார், நான் மூவரும் சுகம். அமெரிக்காவில் நீங்களும் சஹானா பாப்பாவும், பாப்பாவுக்குப் பிறந்த பாப்பாவும் சுகம்தானே? போட்டோவைப் பாலாவிடம் காட்டினேன். "அக்கா குட்டி" என்று முத்தம் கொடுத்தே அதை ஈரமாக்கிவிட்டான். சார் துடைத்து பீரோவில் வைத்துவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம்தான் போனில் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பாதி நேரம் பாலா ரிசீவரை விடுவதில்லை. மீதி நேரம் சார் பக்கத்தில் நின்று கடிகாரத்தையே பார்க்கிறார். எனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். இப்போது பாலா சாப்பிட்டுத் தூங்குகிறான், எழுந்திருப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதலில் அவன் சேதி. போன மாதம் வலிப்பு இரண்டு தடவை வந்தது. பயப்படாதீர்கள். ஒன்று வீட்டில். மற்றது மாமல்லபுரம் பஸ்ஸில். சனிக்கிழமை கடல் பார்க்கப் போகாவிட்டால் அவன் வீட்டை இரண்டாக்கிவிடுவான், உங்களுக்குத் தெரியாததா? மணமை ஸ்டாப் தாண்டும்போது கை இழுத்துக்கொண்டது. கண்டக்டர் சாவிக்கொத்தோடு ஓடி வந்து, கையில இரும்பு குடு என்கிறார். "சாவியும் வாணாம் ஒண்ணும் வாணாம், வண்டிய ஓரம் கட்டு அண்ணாத்த" என்று ஒரு சத்தம் போட்டேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, வாட்சைப் பார்த்தேன். இரண்டேகால் நிமிடம். டாக்டரிடம் காட்ட நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். தெளிந்து எழுந்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை "கடல்". சரி என்று கூட்டிப்போய்விட்டுத்தான் வந்தேன்.

ஷேவிங் இப்போது அழாமல் செய்துகொள்கிறான். முதலில் சார் கன்னத்தில் நுரை தடவி, அப்புறம் இவனுக்கு. அந்த ஏற்பாட்டுக்குச் சாரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் செங்கல்பட்டில் பாலாவின் ஊனமுற்றோர் அடையாள அட்டையைப் புதுப்பிக்க முகாம் நடந்தது. சாருக்கு ஷிப்ட். அதனால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து என்னையே அனுப்பினார். நீள வரிசை, வெயில், இவனுக்கு அங்கே குழந்தைகள் அழுவது பிடிக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என் முதுகில் தலையை வைத்து நின்றான். ஆறடி ஆளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

மேஜையில் இருந்தவர் பாரத்தைப் பார்த்துக்கொண்டே, "யம்மா, நீ இவருக்கு இன்னா வோணும்?" என்றார். "வூட்டு மனுசிங்க" என்றேன். "வூட்டு மனுசின்னு இதுல கட்டம் கீதா? அம்மாவா, அக்காவா, சித்தியா? ஒண்ணு சொல்லு" என்றார். நான் பாரத்தை எட்டிப் பார்த்தேன். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து பாலா சொன்னான்: "பேக்கா டூட்டி."

அம்மா, அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அப்பா பையை மாட்டிக்கொண்டு போனால் டூட்டி. பேக்கா காலையில் ஆறரைக்குச் செருப்பை விட்டு உள்ளே வந்தால் அதுவும் டூட்டி. அவ்வளவுதான் அவன் கணக்கு. மேஜைக்காரர் சிரித்து, "அப்டி சொல்லு நைனா" என்று 'பராமரிப்பாளர்' என எழுதினார். தலைகீழாகவே படித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த வார்த்தையையே வாய்க்குள் மென்றுகொண்டு வந்தேன்.

விமானத்துக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்து, நீ வேலைக்காரி இல்ல ரெபேக்கா, எங்க வீட்டு மனுஷி என்றீர்களே, நான் அழுதேன். அது பொய்யில்லை, எனக்கும் உங்கள்மேல் அத்தனை பிரியம். என் வீட்டுக்காரர் மோசஸ் கீழே விழுந்து இடுப்பு உடைத்துக்கொண்டு கிடந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் புறப்படுவதற்கு முன்பு, ஈஸ்டர் சமயத்தில் சம்பளம் பற்றி வாய் திறந்தேன். வீட்டு மனுஷி போய்ச் சம்பளம் பேசலாமா என்று சிரித்தீர்கள். எனக்கே வெட்கமாகிப் போய், பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன் நான் வந்ததே பாத்திரத்துக்குத்தான். அன்று பேசிய சம்பளத்தில் இருநூறு கூடி இப்போது ஆயிரத்து நூறு. பாலா அதற்குள் எப்போது வந்தான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதலில் ஒருநாள் பார்த்துக்கொள் என்றீர்கள். அப்புறம் குளிப்பாட்டு, மாத்திரை கொடு, டாக்டரிடம் கூட்டிப்போ. பாத்திரத்துக்குச் சம்பளம், பாலாவுக்குப் பிரியம் என்றாகிவிட்டது. நீங்கள் போனதிலிருந்து ஞாயிறும் கோயில் முடிந்து நேரே இங்கேதான் வருகிறேன். சாருக்கு ஷிப்ட் மாற்றிவிட ரிலீவர் வராவிட்டால் ஓ.டி. உண்டு. எனக்கு ரிலீவரும் கிடையாது, ஓ.டி.யும் கிடையாது!

போன கடிதத்தில், குழந்தையைப் பார்க்க சஹானா வைத்திருக்கும் பெண்மணி மணிக்குப் பத்து டாலர் வாங்குகிறாள், ஒரு தட்டைக்கூடக் கழுவ மாட்டாள், ஐந்தடித்தால் கிளம்பிவிடுகிறாள், அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் அன்பரசி நோட்டை எடுத்து ரூபாயில் கணக்குப் போட உட்கார்ந்தாள். வேண்டாம்டி, தூக்கம் போய்விடும் என்று பிடுங்கிவிட்டேன்.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கண்ணகி, திருக்கழுக்குன்றம் பக்கம் செருப்புத் தைக்கும் கம்பெனிக்குப் போகிறாள். வேன் வருகிறது, ஞாயிறு லீவு, மாதம் இரண்டாயிரத்து முந்நூறு. எனக்கும் இடம் சொல்லிவைத்திருக்கிறாள். செப்டம்பர் முதல் தேதி வரச் சொல்கிறார்கள். "யக்கா, செருப்புக்கு வலிப்பு வராது, வந்துடு" என்கிறாள். சாரிடம் சொன்னேன். அதெல்லாம் அம்மா டிபார்ட்மெண்ட் என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

எனக்குப் போக மனமில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், பேரம் பேசத் தெரியாதவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஆனால் கம்பெனி கொடுப்பதை நீங்களும் கொடுக்க வேண்டும். ஞாயிறு எனக்கு வேண்டும், அன்று சார் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கும் பிள்ளைதானே. கஷ்டம் சொல்லிக் கேட்கவில்லை அம்மா. கஷ்டத்துக்குக் கொடுப்பது தர்மம், வேலைக்குக் கொடுப்பதுதான் சம்பளம். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். எனக்கு அழ வரவில்லை, எழுத வருகிறது. அமெரிக்காவிலிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருந்தீர்கள். சேலை, சென்ட் ஒன்றும் வேண்டாம்.

தினமும் இரவு ஏழு மணிக்கு நான் செருப்பு மாட்டும்போது பாலா கேட்டருகே வந்து நிற்பான். "பேக்கா, நாளைக்கு டூட்டி?" என்பான். "டூட்டிதான் ராஜா" என்பேன். அதைக் கேட்டால்தான் உள்ளே போய்ப் படுப்பான். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் ஒரு பொய் சொன்னதில்லை.

முப்பத்தோராம் தேதி ஞாயிறு சாயங்காலம் நீங்கள் போன் செய்வீர்கள். என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம், உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். ரிசீவரை அவன் காதில் வைக்கிறேன். பேக்காவுக்கு நாளைக்கு டூட்டி என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் திருப்பிச் சொல்வான், எனக்குப் புரிந்துவிடும். நீங்கள் சொல்லாவிட்டால், அன்றைக்கு ஏழு மணிக்கு அவன் கேட்கும்போது என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்குக் கழுத்து சுளுக்கி உரம் விழாமல் பார்த்துத் தூக்குங்கள். சஹானா பாப்பாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்க வேண்டும், முக்கியமாக அந்தக் கேட்டருகே நிற்கிறவன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் வேலை செய்யும்
ரெபேக்காள்