சந்தனத்துக்கு அடியில்

திருப்பதி

நம்ம பாப்பாவோட நைனாவுக்கு,

மலையில மொட்டை போட்டுக்கினு இறங்குன பெரியவர் ஒருத்தர் நேத்து எங்க வார்டுக்கு வாந்தியோட வந்தாரு. டாக்டருக்குப் படிக்கிற பசங்க வெயில்தான் காரணம்னுட்டாங்க. தலையில சாமி சந்தனம்னு யாரும் கை வைக்கல. நான் ஈரத்துணியால துடைச்சேன். காதுக்கு மேல எலுமிச்சம்பழம் அளவு வீக்கம்! படியில விழுந்திருக்காரு. உள்ள ரத்தம் கட்டியிருக்குன்னு உடனே ஆபரேஷன் செஞ்சாங்க. இன்னிக்குக் கண்ணு முழிச்சுப் பேசுறாரு.

பெரிய டாக்டர் பசங்களை வரிசையா நிக்க வச்சு, "இந்தம்மாகிட்ட கத்துக்குங்க"ன்னாரு. வார்டு கூட்டுற என்கிட்ட!

நம்ம திருத்தணி ஆந்திராவுலேர்ந்து பிரிஞ்சு மெட்ராஸோட சேர்ந்துடிச்சு, அங்க வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடுன்னு மூணு கடுதாசி போட்டுட்டீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க ஒருவாட்டி இங்க வாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல என் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. சந்தனம் துடைச்ச அம்மா எங்கன்னு கேளுங்க. டாக்டருங்களே கூட்டிக்கினு வருவாங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி