சுல்தானின் வாயும் உன் கல்யாணமும்

அன்பு மகன் லோகேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், குதிரையும் சௌக்கியம். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் இட்லிப் பொடியோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், பொடியைப் பிரிக்கும் முன் படி.

உன் மாமனாராகப் போகிற கண்ணாயிரம் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்ததே பெரிது. தான் வளர்க்கும் குதிரை சுல்தான்மேல் ஏறித்தான் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் பெண் ஜெயப்ரியாவை அனுப்பமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். நீயோ ஆட்டுக்குட்டியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறுகிறவன். எனக்குச் சோறு இறங்கவில்லை. குதிரை நம் தெருவுக்குப் பழகட்டும் என்று போன வாரம் தென்னேரியிலிருந்து சுல்தானைக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டுப் போனார். கடிவாளம் மாட்டினாலே அது தலையை உதறி ஆடியது. மாட்டு டாக்டர் வந்து வாயைப் பிளந்து பார்த்து, உள்ளே போடும் இரும்பு அகலம் போதவில்லை, உதட்டோரம் நசுங்கிப் புண்ணாகியிருக்கிறது, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நிற்கிற மாதிரி வாங்குங்கள், மாட்டினால் உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சுருக்கம் விழவேண்டும், தொங்கினால் பல்லில் இடிக்கும் என்றார். அவ்வளவுதான், உன் அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பட்டு நூலை அதன் வாய்க்குள் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு அளவெடுத்து, சென்னைக்கே போய்ப் புது இரும்பு வாங்கி வந்தார். என் ரவிக்கைக்கு ஒருநாள் இப்படி அளவு பார்த்திருப்பாரா அந்த மனுஷன்?

புது இரும்பு கச்சிதமாகத்தான் இருந்தது. அதோடு விட்டாரா? வெறும் இரும்பு உறுத்தும் என்று மிச்சப் பட்டு நூலை அதில் சுற்றினார். தறிக்காரர் கை சும்மா இருக்குமா, நூலென்றால் கஞ்சி போட்டே ஆகவேண்டும், இதற்கும் சோற்றுக் கஞ்சி தடவிக் காயவைத்தார். சுல்தான் ஒருமுறை சப்பிப் பார்த்தது, ஆட்டமெல்லாம் நின்றுவிட்டது, அதுவே வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகை பார்க்கிறேன் என்று உன் கல்யாணத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு இந்த வயதில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தெருக்கோடியில் நெசவுக்காரர் கைலாசம் தறியில் ஏற்றப்போகும் புடவைப் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். யார் புடவை என்று கேட்காதே, ஜெயப்ரியாவின் முகூர்த்தப் புடவைதான். கஞ்சி வாடை பட்டதும் குதிரை உன் அப்பாவோடு நேரே அங்கே போனது. கடிவாளத்தை இழுத்துப் பார்த்தார், ஐயோ வாய் வலிக்குமே என்று உடனே விட்டும்விட்டார். அது சாவகாசமாக நின்று ஒரு முழப் பாவு நூலை நக்கி மென்றுவிட்டது. கல்யாணமே போச்சு என்று நான் தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன். அறுந்த இழைகளைப் பிணைத்துத் தருகிறேன் என்று கைலாசம் சொல்லியும் மனசு ஆறவில்லை.

சேதி கேட்டு கண்ணாயிரமும் ஜெயப்ரியாவும் ஓடிவந்தார்கள். அவர் பாவு நூலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குதிரை வாயைத் திறந்து பார்த்தார், "புண்ணெல்லாம் ஆறிப்போச்சே சம்பந்தி" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டார். ஆனால் இப்போது முன்னால் கஞ்சி போனால்தான் சுல்தான் ஒரு அடி எடுத்து வைக்கிறது, இதற்கு என்ன செய்வது என்று எல்லோரும் விழித்தபோது உன் பெண்டாட்டியாகப் போகிறவள் வாயைத் திறந்தாள். "அவருக்குக் குதிரைன்னா பயம்ப்பா. நான் மேல ஏறிக்கினு வரேன், அவரு கஞ்சிச் சட்டியத் தூக்கிக்கினு முன்னால நடக்கட்டும்." கண்ணாயிரம் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, சரி, ஆனால் கஞ்சி சூடாக இருக்கக்கூடாது, சுல்தானுக்கு நாக்கு சுடும் என்றார்.

ஆகவே நீ லீவு கிடைத்ததும் புறப்பட்டு வா. அதுவரை அங்கேயே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துச் சிந்தாமல் நடந்து பழகு. கல்யாணத்தன்று வழியில் திரும்பிப் பார்க்காதே, சுல்தான் முகத்தை நக்கும். குமரகோட்டத்து முருகன் உன்னைக் காப்பாற்றட்டும், நீயும் ஜெயப்ரியாவும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா கலைவாணி