என் இடது கன்னத்தின் இருபத்து நான்கு கட்டங்கள்

காட்பாடி,
28.02.2026

செல்வி ஆ. ஜீவா, எம்.எஸ்ஸி. அவர்களுக்கு,

நானும் உன் அம்மாவும் ஆல்வினும் இங்கு உடல்நலத்தோடு இருக்கிறோம். மனநலம் பற்றிக் கீழே காண்க. ஹெல்சிங்கிக் குளிரில் நீயும் நலமாகவே இருப்பாய் எனக் கொண்டு, என் குறைகளைத் தேதிவாரியாகப் பதிவு செய்கிறேன்.

1. 27.12.2025: கிறிஸ்துமஸ் விடுப்பில் வந்திருந்த நீ, "அப்பா, வா, உன்ன ஒரு படம் எடுக்கணும்" என்றாய். நான் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையும் டையும் அணிந்து வந்தேன். நீ ஜன்னல்களைப் போர்வைகளால் மூடி, ஒரே ஒரு ஐந்து வாட் பல்பின் கீழ் என்னை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தாய்.

2. 09.02.2026: நீ வேலை பார்க்கும் கேமரா இணையதளத்தில், என் அனுமதியின்றி, என் முகத்தை வெளியிட்டாய். திருத்தம்: முகத்தை அல்ல, இடது கன்னத்தை. நான்கு கேமராக்கள், ஒளியுணர்வைக் குறிக்கும் ஆறு ஐ.எஸ்.ஓ. அளவுகள், ஆக இருபத்து நான்கு கட்டங்கள். டை எதிலும் இல்லை.

3. 11.02.2026: அக்கட்டங்கள் என் தொழிற்சாலையை வந்தடைந்தன.

4. 12.02.2026: இது குறித்து உன்னை மூன்று முறை அழைத்தேன். பதிலாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பினாய்.

5. 14.02.2026: கட்டுரையில் கேமராக்களுக்கு நீ அளித்துள்ள தரவரிசை தவறு என்று கண்டறிந்தேன். முதல் நான்கையும் மன்னிக்க இயலும்.

மூன்றாவது குறை உனக்கு விளங்கியிருக்காது. ஆம்பூரில் என் பொறுப்பிலுள்ள தரம்பிரிப்புப் பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கிடங்குகளிலிருந்து தோல் மாதிரிகளின் படங்கள் நாள்தோறும் அதில்தான் வரும். உன் தம்பி ஆல்வின் உன் கட்டுரையைப் பெருமையோடு தன் தோஸ்த் அஸ்பாக்குக்கு அனுப்ப, எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் அந்த அஸ்பாக், எழுத்தை விட்டுவிட்டுக் கட்டங்களை மட்டும் குழுவில் போட்டுவிட்டான். முப்பது ஆண்டுகளாகத் தோல் பார்க்கும் ரஃபி அகமது, தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு வழங்கினார்: "இன்னா சரக்கு இது? மேல் வரிசை மூணாம் ரகம். கீழ இருக்கறது லைனிங்குக்குக் கூட ஆவாது. ஆட்டுக்கு அம்மை போட்டு ஆறியிருக்கு, வயசும் ஜாஸ்தி." ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து கௌசர், "எத்தன சதுர அடி இருக்கு பாய்? கம்மியா இருந்தா எனக்கு வேணாம்" என்று கேட்டார். இந்தப் பார்ட்டியை இனிமேல் கேட்டுக்குள்ளேயே விடாதீர்கள் என்று வேறொருவர் பரிந்துரைத்தார். அக்குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை நினைவூட்டுகிறேன். முதல் கட்டத்திலேயே என் கன்னத்தை அடையாளம் கண்டுகொண்டேன். ஆயினும் வாய் திறக்கவில்லை. ஏனெனில் தரம் எழுதி முடிக்கும்வரை சரக்கு யாருடையது என்று வெளியிடக் கூடாது, எழுதிய தரத்தை உடையவர் பெயர் தெரிந்த பின் மாற்றக் கூடாது என்ற விதிகளை எழுதிப் பிரிவின் சுவரில் ஒட்டியவனே நான். பிற்பகலில் அஸ்பாக் உண்மையை ஒப்புக்கொண்டான். ரஃபி என் அறைக்கு வந்து, "மன்னிச்சிடுங்க சார், ஆடுன்னு நெனச்சிட்டேன்" என்றார். பரவாயில்லை என்றேன். அவர் போகவில்லை. கதவருகே சற்று நின்று, "ஆனா சார், கிரேட மாத்த முடியாது. நீங்க போட்ட ரூல் சார்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. என் கோபம் அதனால்தான் இரு மடங்காயிற்று.

கோபத்தை ஆதாரத்தோடு வெளியிடுவதே முறை என்பதால், பதினான்காம் தேதி உன் கட்டங்களைப் பெரிய அளவில் அச்சிட்டு, கேமராக்களின் பெயர்களை வெட்டி நீக்கி, வடக்கு ஜன்னலருகே நாங்கள் தோல் பார்க்கும் மேசையில் விரித்தேன். நானும் ரஃபியும் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே தரம் எழுதினோம். ஐ.எஸ்.ஓ. 1600 வரை நான்கு கேமராக்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. 6400-க்கு மேல் எங்கள் இருவர் முடிவும் ஒன்றாக இருந்தது. உன் முடிவு வேறாக இருந்தது. நீ முதலிடம் அளித்திருப்பது மூன்றாவது கேமராவுக்கு. இருட்டிலும் புள்ளிகளே இல்லை, வெண்ணெய் போல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உண்மை, புள்ளிகள் இல்லை. மயிர்க்கால்களும் இல்லை. என் கண்ணுக்குக் கீழே உள்ள தழும்பும் இல்லை. நீ எல்.கே.ஜி. படித்தபோது, மழையே பெய்யாத ஒரு நாளில், ஓடும் ஸ்கூட்டரில் என் முன்னால் நின்றுகொண்டு திடீரென்று விரித்த குடையின் கம்பி போட்ட தழும்பு அது, மூன்று தையல். 800-இல் தெளிவாக இருக்கிறது, 6400-இல் மங்குகிறது, 12800-இல் நான் பிறந்தபோது இருந்த கன்னம் வந்துவிடுகிறது. நீ கடைசி இடத்துக்குத் தள்ளிய இரண்டாவது கேமராவோ 12800-இல் கேழ்வரகு மாவைச் சிந்தியது போலப் புள்ளிகளை இறைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மாவுக்கு அடியில் தழும்பும் அதன் மூன்று தையல்களும் இருந்த இடத்தில் இருக்கின்றன. காயம்பட்ட தோலைத் தேய்த்து, மேலே பூச்சு பூசி, போலித் துளைகளை அழுத்தி விற்பது குற்றமல்ல; அதிலும் செருப்பு தைக்கலாம், அதற்கும் விலை உண்டு. அதை முதல் ரகம் என்று சீட்டில் எழுதுவதுதான் குற்றம். நீ எழுதியிருக்கிறாய். யாரோ ஒருவர் உன் பெயரை நம்பி அந்தக் கேமராவை வாங்கித் தன் வீட்டார் முகங்களை எடுப்பார். முப்பத்தோராண்டுகளில் நான் கையொப்பமிட்ட ஒரு கட்டுத் தோல்கூடத் திரும்பி வந்ததில்லை. நீ கையொப்பமிட்ட தரவரிசை திரும்பி வருகிறது. திருப்பி அனுப்புபவன் நான்.

வீட்டுச் செய்திகள். உன் அம்மா கட்டங்கள் அனைத்தையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "அந்த மூணாவது கேமராவயே வாங்கி அனுப்பச் சொல்லுங்க, பத்து வயசு கம்மியாத் தெரியறீங்க" என்றாள். உன் பக்கம் இருக்கும் ஒரே சாட்சி அவள்தான், அவளும் பாரபட்சமானவள். ஆல்வின் என்னைக் கண்டால் மாடிக்குப் போய்விடுகிறான்; தண்ணீர்த் தொட்டியை ஒரே வாரத்தில் இருமுறை கழுவிவிட்டான். அங்கே வெயில் குறைவு என்பதால் வைட்டமின் டி மாத்திரையை விடாமல் சாப்பிடு. அம்மா கொடுத்த பூண்டு ஊறுகாயைக் கேமராப் பையில் வைக்காதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

படங்களை நீக்கு என்று எழுதத்தான் முதலில் அமர்ந்தேன். அக்கோரிக்கையை விலக்கிக்கொள்கிறேன். கட்டங்கள் அப்படியே இருக்கட்டும். மூன்றாம் ரகமாக இருந்தாலும் அது கலப்படமற்ற சரக்கு. தரவரிசைதான் திருத்தப்பட வேண்டும். மேலும், மூன்றாவது கேமராவின் முறை வந்தபோது உன் அம்மா காபி கொண்டுவரச் சமையலறை விளக்கைப் போட்டாள். நீ அதை அணைக்கச் சொல்லவில்லை. ஆகவே சோதனையே செல்லாது. ஜூன் மாதம் நான்கு கேமராக்களையும் கொண்டு வா. இம்முறை கேமரா தானே புள்ளிகளைத் துடைத்துக் கொடுக்கும் படங்களை விடுத்து, துடைக்காத மூலக் கோப்புகளை ஒப்பிடு. நாற்காலியில் இரண்டு மணி நேரமல்ல, நான்கு மணி நேரமும் உட்காரச் சித்தமாக இருக்கிறேன். அசையமாட்டேன்.

ஆண்டவர் உன்னையும் உன் கண்களையும் காப்பாராக. பதிவுத் தபால் வந்து சேரும் நாள்களைக் கணக்கிட்டே தவணை தருகிறேன்: தரவரிசையைத் திருத்துகிறாயா என்பதையும், மறுசோதனைக்கு எந்தத் தேதியில், எந்த ரயிலில் காட்பாடியில் வந்து இறங்குகிறாய் என்பதையும் 31.03.2026 செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் மாலை ஐந்து மணிக்குள், எழுத்தில், முழு வாக்கியங்களில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ம. ஆரோக்கியசாமி, பி.டெக். (தோல் தொழில்நுட்பம்)